காரைநகர் மணலில் ஒரு குட்டி வலம்புரி: இனம் சொல்ல முடியுமா?

வணக்கம். கசூரினா கடற்கரையில் அள்ளிவந்த மணலை அரிதட்டில் சலித்தபோது ஓர் ஊரி (கடல்நத்தை ஓடு) கிடைத்தது. நீளம் 4 மில்லிமீற்றர்தான், அரிசியை விடச் சின்னது. ஒடுங்கிய கூம்பு, சுற்றெல்லாம் மணி கோத்தது போலப் புடைப்பு. நுனியை மேலே பிடித்தால் வாய் இடப்பக்கம்! சங்கு இப்படி இருந்தால் வலம்புரி என்போம். (அம்மா சாமியறையில் வைக்கச் சொல்லி நிற்கிறா.)

கடற்பஞ்சைத் தின்னும் டிரைபோரிடே குடும்பத்தில் அநேகமாக எல்லாமே இப்படித்தான் சுருளும். குடும்பம் அதுதான் என்று நினைக்கிறேன், இனம்தான் பிடிபடவில்லை. அதற்கு நுனியிலுள்ள குஞ்சுப்பருவச் சுற்றுகளைப் பார்க்கவேண்டும், என்னுடையதில் அது உடைந்துவிட்டது. நுனி முழுதாக உள்ளது யாரிடமாவது இருக்கிறதா? அளவுகோலோடு படம் போடுங்கள். உயிருள்ளதை எடுக்கவேண்டாம், வெறும் ஓடு போதும்.