விமானத்தைத் தரையில் ஓட்டிப் போகும்போது (டாக்ஸி) இறக்கை நுனி இடித்துவிட்டது. இடைவெளியை எப்படிக் கணிப்பது?

குடவாசல் மாணவி
வணக்கம். பைலட் பயிற்சியில் 40 மணி நேரம் முடித்திருக்கிறேன். போன வாரம் செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தை நிறுத்துமிடத்திலிருந்து தனியாக எடுத்து இடப்பக்கம் திருப்பினேன். வலது இறக்கை நுனி, நின்றிருந்த இன்னொரு விமானத்தின் ரட்டரில் (வாலில் உள்ள சுக்கான்) இடித்துவிட்டது. நடை வேகம்தான், மஞ்சள் கோட்டிலும்தான் இருந்தேன். 'டக்' என்றது, மூக்கு வலப்பக்கம் இழுத்தது. நுனியில் விரல் நீள விரிசல். பயத்தில் கொஞ்சம் முன்னால் நகர்த்திய பிறகுதான் இன்ஜினை அணைத்தேன்.

இப்போது லீவில் ஊரில் இருக்கிறேன், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இறக்கையின் நிழலைப் பார்த்து ஓட்டு என்கிறார் ஒரு சீனியர். அது சரியா?

தஞ்சாவூர் மெக்கானிக்
அம்மாடி, மஞ்சள் கோடு மூக்குச் சக்கரத்துக்குத்தான் வழி. பக்கத்து விமானம் கொஞ்சம் தள்ளி நின்றால் அந்தக் கோடு உன்னைக் காப்பாற்றாது. 172-க்கு நுனிக்கு நுனி 11 மீட்டர். நீ இடது சீட்டில் இருப்பதால் வலது நுனி ஏறக்குறைய 6 மீட்டர் தள்ளி. அங்கே ஒரு முழ இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது.

நிழலை நம்பாதே. உச்சி வெயிலில் ஓரளவு சரி. காலை எட்டு மணிக்கு, இறக்கை ஆள் உயரத்துக்கு மேலே இருப்பதால், நிழல் மீட்டர் கணக்கில் தள்ளி விழும்.

இடித்த பிறகு நகர்த்தியது தப்பு. எரிபொருளை நிறுத்த மிக்ஸ்சரை இழு, மேக்னடோ (இன்ஜின் பற்றவைப்பு), மாஸ்டர் (மின்சார சுவிட்ச்) எல்லாம் அணை, இறங்கு. வெளியே விரிசல் மட்டும் தெரியலாம், உள்ளே ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) கீல் வளைந்திருக்கலாம்.

மன்னார்குடி டிராக்டர்
விமானம் எனக்குத் தெரியாது, வைக்கோல் பாரம் ஓட்டுகிறேன். தெருமுனையில் பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். தம்பி முன்னால் இறங்கிக் கை காட்டினால்தான் நகர்வேன், கை தெரியாவிட்டால் பிரேக்தான். உங்களுக்கு அப்படி ஓர் ஆள் கேட்கக் கூடாதா?

திருச்சி பயிற்றுநர்
கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அந்த ஆள் இறக்கை நுனிக்கு அருகே நிற்கட்டும், புரொப்பெல்லர் பக்கமே வரக் கூடாது. இன்னும் நல்லது, இன்ஜின் போடும் முன்பே மூக்குச் சக்கரத்தில் டோ பார் (இழுக்கும் கம்பி) மாட்டிக் கையால் வெளியே இழுத்துவிடுவது. மறக்காமல் அதைக் கழற்றிவிடுங்கள்.

தங்கச்சி, திரும்பும்போது இடது பிரேக்கை மிதித்தாயா? 172-இல் பெடலால் மட்டும் மூக்குச் சக்கரம் சுமார் 10 டிகிரிதான் திரும்பும், பிரேக்கும் சேர்ந்தால் சுமார் 30. அப்போது விமானம் இடது சக்கரத்தை அச்சாக வைத்துச் சுழலும். நீ நடை வேகத்தில் இருந்தாலும் வலது நுனி ஓட்டமாகப் போகும், வாலும் வலப்பக்கம் வீசும்.

ஒரு பயிற்சி: நிற்கிற விமானத்தில் சீட்டில் உட்கார்ந்து, ஒருவரை நுனிக்கு நேர் கீழே நிற்கச் சொல். தரையில் அந்த இடம் ஜன்னலில் எங்கே தெரிகிறது என்று மனதில் பதித்துக்கொள். இரண்டு பக்கமும் செய். சந்தேகம் வந்தால் பவரைக் குறை, இரண்டு பிரேக்கையும் மிதி, நின்றுவிடு.

குடவாசல் மாணவி
ஆமாம், இடது பிரேக்கை மிதித்தேன். திரும்பிப் போனதும் முதல் வேலை அந்தப் பயிற்சிதான். நன்றி அண்ணா, நன்றி ஐயா. மன்னார்குடி அண்ணா, கை காட்ட ஆள் கேட்கத் தயங்க மாட்டேன்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "அந்த விமானத்துக்காரரிடம் சொல்லிவிட்டாயா?" என்றுதான் கேட்டார். அன்றைக்கே சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டேன் என்றேன். சரி, சாப்பிடு என்றார்.