சிரிக்காத மண்டேலா: மண்டபச் சுவரில் மாட்டலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ் மண்டபத்தின் முன்சுவரில் காந்தியடிகளின் படமும் மண்டேலாவின் படமும் இருபுறமும் தொங்க, நடுவில் குத்துவிளக்கு இருக்கிறது. மண்டேலாவின் படம் அச்சிட்ட புகைப்படம். தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பன் நகரத்து ஈரக்காற்றில் நிறம் மங்கி, ஓரங்கள் பூஞ்சை பிடித்துவிட்டன. அதற்கு மாற்றாக, என்னிடம் தமிழ் படித்த ஒரு பெண் எண்ணெய் வண்ணத்தில் ஓர் ஓவியம் தீட்டிக் கொண்டுவந்தாள். அதில் மண்டேலா சிரிக்கவில்லை, கண்கள் இடுங்கியிருக்கின்றன. அவர் சிறைப்பட்டிருந்த ராபன் தீவின் சுண்ணாம்புக்கல் குழியில் வெயிலின் கூச்சத்திலும் தூசியிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்ததால் அவருடைய கண்கள் பழுதுபட்டன என்பதையும், பிற்காலத்தில் ஃபிளாஷ் போட்டு அவரைப் படமெடுக்க வேண்டாம் என்று புகைப்படக்காரர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டதையும் படித்தறிந்த பின்பே அந்தக் கண்களை வரைந்ததாகச் சொன்னாள்.

நிர்வாகக் குழுவின் பெரியவர்களுக்கு ஓவியம் பிடிக்கவில்லை. "இது அவர் முகமே இல்லை" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் ஓவியத்தை எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குப் போனாள். எனக்கு அவளும் வேண்டும், அந்தப் பெரியவர்களும் வேண்டும். தலைவர்களின் படங்களை மக்கள் ஏற்பதும் வெறுப்பதும் எதைப் பொறுத்து அமைகிறது? சாயல் மட்டும்தானா? விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் 1: பீட்டர்மாரிட்ஸ்பர்க் முதியவர்

அம்மா, சாயலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்த முகத்தை இந்த நாடு எத்தனை ஆண்டுகள் பார்க்காமலே இருந்தது என்பதை உங்கள் குழுவினருக்கு நினைவூட்டுங்கள். சிறைவாசிகளின் படங்களை வெளியிடுவதை அன்றைய சிறைச்சட்டம் தடுத்திருந்தது; ஆகையால் 1964இல் ஆயுள் தண்டனை பெற்ற மனிதர் 1990 பிப்ரவரி 11 அன்று வெளியே நடந்து வரும்வரை, தலையில் வகிடு எடுத்து, கன்னம் பருத்த நாற்பது வயதுக்காரராகவே எங்கள் மனத்தில் நின்றார். அன்றைக்குத் தொலைக்காட்சியில் தெரிந்தவரோ நரைத்த முடியும் மெலிந்த உடலுமாக இருந்த முதியவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்தார் நிறைந்திருந்தார்கள், என் ஆயா மட்டும், "இவரா அவர்?" என்று மூன்று முறை கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். அறிந்த சாயல் ஒன்றுகூட இல்லாதிருந்தும் அன்று அவரை யாரும் மறுக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இதே நாட்டில் நடந்தது. 1990களின் தொடக்கம்வரை நம் ரூபாய்த்தாளில் கேப் டவுனில் டச்சுக் குடியேற்றத்தை நிறுவிய யான் வான் ரீபெக் என்று அச்சிட்டிருந்த முகம் அவருடையதே அன்று. பார்த்தலோமியஸ் வெர்மூய்டன் என்ற வேறொரு டச்சுக்காரருடையது. (நம் நாட்டு ராண்ட் தாளை நாங்கள் ரூபாய்த்தாள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.) அரசு மாட்டிய முகம் என்பதால் ஒரு தலைமுறையே அதை நம்பியது. 2012 நவம்பரில் மண்டேலாவின் முகம் எல்லாத் தாள்களிலும் வந்தபோது நான் வங்கியில் புதுத்தாள் ஐந்து வாங்கி, பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அதில் அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பையே நாள்தோறும் கையில் எடுத்துப் பழகியவர்களுக்குச் சிரிக்காத முகம் அந்நியமாகத்தான் தெரியும்; அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

பதில் 2: ஃபீனிக்ஸ் வாசகர்

ஐயா எழுதியதைப் படித்ததும் 2018 பிப்ரவரி மாதத்து ஒரு வாரம் நினைவுக்கு வந்தது. 12ஆம் தேதி வாஷிங்டனில் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் ஒபாமா தம்பதியரின் ஓவியங்களைத் திறந்தது. அதே நாளில் சென்னையில், சட்டமன்றப் பேரவை மண்டபத்தில் ஜெயலலிதாவின் படத்தைப் பேரவைத் தலைவர் திறந்துவைத்தார். இரண்டு நாள் கழித்து, 14ஆம் தேதி, இங்கே அதிபர் ஜேக்கப் ஜூமா பதவி விலகினார். அரசு அலுவலகங்களில் அவருடைய படம் இறங்கி, பிறகு புதிய அதிபர் ரமபோசாவின் படம் ஏறியது.

முதல் இரண்டிலும் மக்கள் பேசியது இரு விதம். ஒபாமாவை ஓவியர் கெஹிண்டே வைலி ஒரு பச்சிலைச் சுவருக்கு முன்னால் நாற்காலியில் அமர்த்தி, சிகாகோவுக்குச் சாமந்தி, ஹவாய்க்கு மல்லிகை, கென்யாவுக்கு ஆப்பிரிக்க நீல அல்லி என்று அவர் வாழ்க்கையையே பூக்களாகத் தூவியிருந்தார். சாமந்தியும் மல்லிகையும் நம் பூசைத்தட்டில் இருப்பவை. நீல அல்லியோ நம் நட்டால் வீட்டுத் தோட்டங்களில் கொத்துக் கொத்தாகப் பூப்பது. பலர் அதை ரசித்தார்கள்; தலைவருக்குப் பின்னால் இலைதழை எதற்கு என்று வேறு பலர் கேட்டார்கள். மிஷெல் அம்மையாரின் தோலை ஏமி ஷெரால்ட் சாம்பல் நிறத்தில் தீட்டியதால், அவரைப் போலவே இல்லை என்ற குரல் இன்னும் பலமாக எழுந்தது. ஆயினும் அந்த இரு படங்களையும் காணக் கூட்டம் வரிசையில் நின்றது.

சென்னையில் ஓவியத்தைப் பற்றி அநேகமாக யாரும் பேசவில்லை. அந்த மண்டபத்தில் இடம்பெற்ற பதினோராவது படம் அது, ஒரு பெண்ணுக்கு முதல் படம். சொத்துக் குவிப்பு வழக்கில் முந்தைய ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, அந்தச் சுவரில் அவருக்கு இடமுண்டா என்று எதிர்க்கட்சிகள் கேட்டு, விழாவைப் புறக்கணித்தன. அதே மாதம் 24ஆம் தேதி அவருடைய கட்சி அலுவலகத்தில் சிலை திறந்தபோதுதான் சாயல் பெரும் பிரச்சினையாயிற்று. அவருடைய முகமாகவே இல்லை என்று தொண்டர்களே வருந்தியதால், அதே ஆண்டு நவம்பரில் வேறு சிலை வைத்தார்கள். என் கருத்தில், அன்பு மிகுந்த இடத்தில்தான் சாயலைக் கேட்கிறார்கள். அன்பில்லாத இடத்தில் தகுதியைக் கேட்கிறார்கள். உங்கள் பெரியவர்கள் சாயலைக் கேட்டார்கள்.

பதில் 3: கேப் டவுனில் படச்சட்டகம் செய்பவர்

ஓவியத்தைத் திருப்பி வைத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1954 நவம்பர் 30 அன்று வின்ஸ்டன் சர்ச்சிலின் எண்பதாம் பிறந்தநாளுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் பரிசாக அளித்த ஓவியத்தில் கிரஹாம் சதர்லண்ட் அவரைத் தளர்ந்த முதியவராகத் தீட்டியிருந்தார். சர்ச்சில் மேடையில் அதை நவீனக் கலைக்கு ஒரு சான்று என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார், மனத்துக்குள் வெறுத்தார். பிறகு அவர் மனைவியின் விருப்பப்படி அது இரகசியமாக எரிக்கப்பட்டது என்பது, அந்த அம்மையார் 1977இல் காலமான பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. இன்று அதற்கான பயிற்சி ஓவியங்களை வைத்துக்கொண்டு, முழுப்படம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். பிடிக்காத படம் சுவரில் இருந்தால் ஒருநாள் பிடித்துப்போகக்கூடும். எரிந்த படத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பதில் 4: டர்பன் இல்லத்தரசி

நான் பெரியவர்களின் பக்கம் பேச விரும்புகிறேன். நம் வீடுகளில் சுவர் என்பது அருங்காட்சியகம் அன்று. மாலை போட்ட படம் என்றால் அவர் மறைந்துவிட்டார் என்று சிறு குழந்தைக்கும் தெரியும். விளக்கேற்றும்போது அந்தப் படத்தையும் கும்பிடுகிறோம். கும்பிடும் முகத்தில் துன்பத்தைப் பார்க்க எல்லாராலும் முடியாது. 2013 டிசம்பரில் பிரிட்டோரியாவின் அரசுத் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸ் தோட்டத்தில் ஒன்பது மீட்டர் உயர மண்டேலா சிலையைத் திறந்த சில வாரங்களில், சிற்பிகள் அதன் காதுக்குள் தங்கள் அடையாளமாக ஒரு சிறு முயலைச் செதுக்கியிருந்தது தெரியவந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத முயல்தான். ஆனாலும் அரசு அதை அகற்றச் சொன்னது, சிற்பிகளும் மன்னிப்புக் கேட்டார்கள். 2012இல் ஜூமாவை இழிவான கோலத்தில் காட்டிய ஓவியம் ஜோகன்னஸ்பர்க் காட்சிக்கூடத்தில் தொங்கியபோது, அவருடைய ஆட்சியை விரும்பாத என் அண்டைவீட்டு ஜூலு அம்மாகூட, எங்கள் உடல்களை அவர்கள் எப்போதும் இப்படித்தான் பார்த்தார்கள் என்று சொல்லிக் கலங்கினார். படத்தைக் கண்டு மக்கள் கொதிப்பதைக் கலை தெரியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதற்குப் பின்னால் பட்ட அவமானம் ஒன்று இருக்கும்.

ஆனால் இந்தப் பெண் அவரை இழிவுபடுத்தவில்லையே. அவர் பட்ட பாட்டை அல்லவா வரைந்திருக்கிறாள்? அதைப் பெரியவர்களிடம் யாராவது சொன்னார்களா?

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இல்லை அக்கா, யாரும் சொல்லவில்லை. ஓவியம் உள்ளே வந்த ஐந்து நிமிடத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது. கண்களைப் பற்றிச் சொல்ல அவளுக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை, நானும் அப்போது வாய் திறக்கவில்லை. இப்போது புரட்டாசி நோன்பு நடப்பதால் கூட்டம் இல்லை. மாதம் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஓவியத்தைச் சுவரில் ஏற்றாமல், பழைய படத்துக்குக் கீழே ஒரு மேசையில் வைத்து, அந்தக் கண்களின் கதையை அவளே தமிழில் சொல்ல ஏற்பாடு செய்கிறேன். திருப்பி வைத்தவரிடம் இன்று தொலைபேசியில் பேசினேன், வருவதாகச் சொன்னார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா, உங்கள் ஆயா கேட்ட கேள்வியை அன்று அவையில் நான் சொல்லலாமா?

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் முதியவர்

சொல்லுங்கள் அம்மா. பேருந்து கிடைத்தால் நானே வந்து சொல்கிறேன்.