பெருவித்தா, பெண்வித்தா, மாவித்தியா? மெகாஸ்போரோஜெனிசிஸுக்கு ஒரு சொல்

வணக்கம். மெகாஸ்போரோஜெனிசிஸ் (megasporogenesis) என்பதற்குக் கலைச்சொல் பட்டியலில் எந்தச் சொல்லை ஏற்றுவது என்ற பேச்சில், ஒருவர் கேட்டதற்கு என் பதில் இது. ஸ்போர் (spore) என்பது தாவரங்களின் இனப்பெருக்கத்தில் உண்டாகும் ஒற்றை உயிரணு.

> விதைத் தாவரங்களில் பெண் ஸ்போர் உண்டாவதுதானே இது? 'பெண்வித்தாக்கம்' என்றால் படிக்கிறவருக்கு உடனே விளங்கிவிடும்.

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். சொல்லைத் தேடுமுன் நடப்பதை ஒருமுறை பார்த்துவிடுவோம். பின்னால் விதையாகப்போகும் சூலுக்குள் இருக்கும் சூல்திசுவில் ஓர் உயிரணு மட்டும் மற்றவற்றைவிடப் பருத்துத் தனியே தெரியத் தொடங்குகிறது. இதுதான் தாய் உயிரணு. இரட்டைத் தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட இது குன்றல் பகுப்படைந்து (மையோசிஸ்), ஒற்றைத் தொகுதி கொண்ட நான்காகிறது. பூக்கும் தாவரங்களில் பெரும்பாலும் நான்கும் ஒரே வரிசையில் அடுக்கி வைத்தாற்போல் நிற்கும். சூல்துளைப் பக்கத்து மூன்றும் அழிந்துபோக, சூலின் அடிப்பக்கம் இருப்பது மட்டும் பிழைக்கிறது. நான்கும் உண்டாவது வரைதான் மெகாஸ்போரோஜெனிசிஸ். பிழைத்ததன் உட்கரு மும்முறை பகுந்து, எட்டு உட்கருக்களும் ஏழு உயிரணுக்களும் உள்ள கருப்பை (முட்டை உயிரணு இருக்கும் பை, embryo sac) அமைவது அடுத்த கட்டம். அதையும் இந்தச் சொல்லுக்குள் திணிக்கக் கூடாது.

இப்போது 'வித்து'. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஸ்போருக்கு இதைத்தான் ஆள்கின்றன. பெருவித்து, பெருவித்துருவாக்கம் என்று போகிறது. காளானையும் பெரணியையும் பற்றி எழுதும்வரை தொல்லையில்லை. விதைத் தாவரத்துக்கு வந்ததும் சிக்கிக்கொள்கிறோம். குறள் காலம் தொட்டு வித்து என்றால் விதை. ஸ்போர் ஒற்றை உயிரணு. விதையோ உறையும் உணவும் கருவும் சேர்ந்த பெரிய கட்டமைப்பு. 'சூலுக்குள் பெருவித்து உருவாகிறது. பின்னர் சூல் வித்தாகிறது' என்று எழுதிப் பாருங்கள். வித்துக்குள்ளிருந்து வித்து வரும் விடுகதைபோல இருக்கும். 'சிதல்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பழந்தமிழில் சிதலை கறையான். சூலுக்குள் கறையானை விட எனக்கு மனமில்லை.

இலங்கைப் பாடநூல்கள் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவு. விதைக்கு வித்து, ஸ்போருக்கு வித்தி. வித்தி இருக்கும் உறுப்பு வித்திக்கலன். ஓர் உயிர்க்குறியில் இரண்டு பொருளும் பிரிந்துவிடுகின்றன. அச்சுப்பிழைக்கும் அதே உயிர்க்குறி வழிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் வித்தியே என் தேர்வு.

அடுத்து 'பெண்'. கண்டிப்பாகப் பேசினால் வித்திக்குப் பால் கிடையாது. அதிலிருந்து வளர்ந்து பாலணுக்களை உண்டாக்கும் பாலணுத் தாவரம்தான் பெண். அப்படியானால் 'பெரு' மட்டும் சரியா என்று கேட்பீர்கள். பூக்கும் தாவரங்களில் பெருவித்தி, மகரந்தத்தூளாகும் நுண்வித்தியைவிடப் பெரிதாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அளவு வேறுபாடு பளிச்சென்று தெரிவது செலாஜினெல்லா, மார்சிலியா போன்ற விதையில்லாத் தாவரங்களில். அங்கே பிறந்த பெயர் விதைத் தாவரங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அவற்றையும் இவற்றையும் ஒரே வரியில் ஒப்பிடவேண்டியிருப்பதால் 'பெரு' இருக்கட்டும். இலங்கை வழக்கின் 'மா' செவ்விய சொல்தான். ஆனால் மாவித்தி என்று பார்த்ததும் என் கண் மாமரத்துக்குப் போய்விடுகிறது.

கடைசிப் பகுதி எளிது. 'தோற்றம்' என்றால் பரிணாமத்தில் எப்போது தோன்றியது என்ற கேள்வியோடு குழம்பும். 'உருவாக்கம்' சேர்ந்தால் பெருவித்துருவாக்கம். நடுவில் 'வித்துரு' என்று ஒரு பொய்ச்சொல் முளைக்கிறது. ஆக்கம் போதும்: பெருவித்தியாக்கம். இதற்கு இணையாக மகரந்தப்பையில் நடப்பது நுண்வித்தியாக்கம்.

—

> ஐயா, இரண்டு ஐயங்கள். 'வித்தியாக்கம்' என்பதை 'வித்தியா' என்று நிறுத்திப் படித்துவிட மாட்டார்களா? அடுத்தது, லில்லியில் குன்றல் பகுப்புக்குப் பின் குறுக்குச் சுவரே எழுவதில்லை. நான்கு உட்கருக்களும் ஒரே உயிரணுவில் கிடந்து, நான்குமே கருப்பை அமைவதில் சேர்கின்றன. தனித்தனி வித்தியே இல்லாத இடத்தில் வித்தியாக்கம் என்பது எப்படி?

முதலாவதற்கு என்னிடம் மறுப்பில்லை. முதல் வாரம் அப்படித்தான் படிப்பார்கள். வேண்டுமானால் தொடக்க வகுப்பு நூல்களில் 'பெருவித்தி ஆக்கம்' என்று பிரித்தே அச்சிடலாம்.

இரண்டாவது நல்ல கேள்வி. அங்கே வித்தி என்று பிரிந்து நிற்பது இல்லை. வித்தி உட்கருக்கள் நான்கு இருக்கின்றன. தாவரவியலார் அதையும் இந்தப் பெயருக்குள்ளேயே வைத்து, கருப்பை எத்தனை வித்திகளிலிருந்து அமைகிறது என்பதைக் கொண்டு வகை பிரித்துவிட்டார்கள். ஒன்றிலிருந்து அமைவது பாலிகோனம் வகை. பூக்கும் தாவரங்களில் பரவலாக இருப்பது இதுவே. வெங்காயத்தின் இனமான அல்லியத்தில் முதல் பகுப்போடு சுவர் எழுந்து, இரண்டில் ஒன்று அழிந்துவிடும். எஞ்சிய அறையின் இரண்டு உட்கருக்களிலிருந்து கருப்பை அமைகிறது. லில்லி, பெப்பரோமியா ஆகியவற்றில் நான்கும் சேர்கின்றன. பெப்பரோமியாவில் கருப்பைக்குள் பதினாறு உட்கருக்கள்கூட உண்டாகும். ஒருவித்தி வகை, இருவித்தி வகை, நால்வித்தி வகை என்று சொல்லிப் பாருங்கள், தடங்கலில்லாமல் வருகிறது. வித்து என்றே வைத்திருந்தால், 'நால்வித்து வகை' என்றதும் பழத்துக்குள் நான்கு விதைகளைத் தேடியிருப்போம்.

பட்டியலில் பெருவித்தியாக்கம் என்று ஏற்றியிருக்கிறேன். பாடநூல் வடிவத்தையும் பக்கத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன். இந்த மடல் முழுக்க நான் தயக்கத்தோடு ஆண்ட சொல் கருப்பை. மருத்துவ நூல்களில் அது வேறோர் உறுப்பு. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.