ஓட்டல் வேலையில் ஆட்கள் ஏன் நிற்பதில்லை? – நேரில் கண்டவை (ஓட்டல் துறையினர் புனைபெயர்களில் எழுதியவை)

பெல் டெஸ்க்:
சென்னையில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் (பெயர் வேண்டாம்) நான் பெல் டெஸ்க்கில் (விருந்தினரின் பெட்டிகளை அறைக்குக் கொண்டுசெல்லும் பிரிவு) இருந்தபோது நடந்தது இது. செக்-இன் நேரம் பிற்பகல் 2 மணி என்பதையும், விடியற்காலை விமானத்தில் வந்திறங்கும் விருந்தினர் 8 மணிக்கே அறை கேட்டுச் சத்தம் போடுவார் என்பதையும் இத்துறையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று ஓட்டல் நிரம்பியிருந்தது. கவுன்டரில் நின்றவள் புதிதாகச் சேர்ந்த டிரெய்னிப் பெண். விருந்தினர் வீசிய பாஸ்போர்ட் கவுன்டரில் வழுக்கி, அவள் காலடியில் போய் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, பயிற்சியில் சொல்லித்தந்த அதே புன்னகையோடு இரு கைகளாலும் திருப்பி நீட்டினாள்.

இதுவரை அன்றாடம் நடப்பதுதான். டியூட்டி மேனேஜர் வந்து சமாதானம் பேசி, அறை தயாரானதும் பழக்கூடையும் மன்னிப்புக் கடிதமும் அனுப்பச் சொன்னார். கூடையை அந்தப் பெண்ணே கொண்டுபோய்க் கொடுத்து, நேரில் ஒருமுறை மன்னிப்பும் கேட்க வேண்டும் என்றார். பெட்டிகளோடு நானும் அதே லிஃப்டில் ஏறினேன். அவள் கை நடுங்கியதில், கூடையைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாள் ஏழாவது மாடி வரும்வரை சரசரவென்று ஒலித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வார ஆஃபுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் பெயருக்கு எதிரே ‘அப்ஸ்காண்டிங்’ (சொல்லாமல் ஓடிப்போனவர்) என்று எழுதி, அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள்.

நான்காம் தளம்:
கோவையில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளராக இருந்தேன். எங்கள் ஓட்டலில் ஒருவருக்கு ஒரு ஷிப்டில் 14 அறைகள் என்பது கணக்கு. ஆள் தங்கியிருக்கும் அறை என்றால் 20 நிமிடத்தில் முடித்துவிடலாம். காலி செய்த அறைக்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணக் கோஷ்டி தளம் முழுவதையும் ஒரே நேரத்தில் காலி செய்யும்போது, அந்த 14 அறைகளுக்கு மட்டுமே பத்தரை மணி நேரம் ஆகிறது. இதில் இருவர் வேலையை விட்டுப் போனால், அவர்களுடைய அறைகளும் மிச்சம் இருப்பவர்களின் தாளில் ஏறிவிடும். அதைத் தாங்க முடியாமல் மூன்றாமவர் போவார். நிர்வாகக் கூட்டத்தில் இந்தச் சங்கிலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இரண்டு சம்பளம் மிச்சமாகியிருக்கிறது என்பதை மட்டும் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிறன்று, பீகாரைச் சேர்ந்த ஒரு பையனின் அறைகளைச் சரிபார்க்கப் போனேன். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. குளியலறையில் அவன் மண்டியிட்டு, டாய்லெட் பேப்பரின் நுனியைப் பாதி முக்கோணமாக மடித்த கையோடு, தொட்டியின் விளிம்பில் நெற்றியைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டதும் விழித்துக்கொண்டு, “மேடம், கண்ணாடி தொடச்சாச்சு” என்றான். சத் பூஜைக்கு ஊருக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். அந்த மூன்று சொற்கள் இன்னமும் என் காதை விட்டுப் போகவில்லை.

மலைக்கோட்டை:
மேலே எழுதிய இருவருமே முதலாளி பக்கத்தை நினைத்துப் பார்க்கவில்லை. திருச்சியில் சைவ ஓட்டல் நடத்துகிறேன். ஆவணி முகூர்த்த நாள் ஒன்றில் காலை 5 மணிக்குக் கடைக்குப் போனால், தோசை மாஸ்டர், சட்னி அரைப்பவர், சப்ளையர்கள் இருவர் என்று ஒரே ஊரைச் சேர்ந்த மொத்தச் செட்டும் இரவு பஸ்ஸில் பெங்களூருக்குப் போய்விட்டிருந்தது. மாஸ்டருக்கு நான் கொடுத்திருந்த முன்பணம் 40,000 ரூபாயும் அதோடு போயிற்று. கல் காய்ந்து புகைகிறது, மாவு பொங்கி நிற்கிறது, வாசலில் வேன் வேனாகக் கல்யாணக் கூட்டம் இறங்குகிறது. ஊற்றுவதற்கு ஆள் இல்லை. கல்லாவில் இருந்த என் மைத்துனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊற்றிய முதல் தோசை, இலங்கை வரைபடம் போலக் கல்லில் கிடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறவர்களுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பழக்கூடை கொண்டுபோவது தொழில் மரபு. விருந்தினர் இணையத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனால், அந்த நஷ்டத்தை டிரெய்னியா கட்டுவார்? பொறுமை இல்லாத பிள்ளைகள் கேட்டரிங் படிப்பில் சேராமல் இருப்பதே நல்லது. எங்கள் காலத்தில் டேபிள் துடைத்து, தண்ணீர் வைத்து, பிறகுதான் கல்லருகே விட்டார்கள்.

பெல் டெஸ்க்:
ஐயா, மரபு என்றால் மேனேஜர் கொண்டுபோயிருக்க வேண்டும். தங்கள் மாஸ்டர் ஓடியதும் இந்தப் பெண் போனதும் ஒன்றல்ல. இவள் யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை.

கப்பல் சமையல்:
என் அனுபவம் சிறியது. பேக்கரிப் பிரிவில் என்னோடு இருந்த ஒருவர் ஐந்தாறு ஓட்டல்கள் மாறியவர். ஒவ்வொரு முறையும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுவார். முதுகு விட்டுப்போய் வேலையை நிறுத்தியபோது, ஓய்வூதியத்துக்கு எத்தனை வருடம் தேறும் என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் ஒன்றும் இல்லை.

எனவே எவரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஓட்டல் மாறினாலும் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் ஒன்றுதான், புதிய இடத்தில் அதையே கொடுங்கள், புதிதாக ஒன்று உருவாக்க விடாதீர்கள். பழைய கணக்கை எடுத்துவிடாமல் மாற்றிக்கொள்ளுங்கள். 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து வருடச் சேவை வேண்டும். அது ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் இடையில் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கணக்கில் வராது. ஐந்து வருடம் முடியும் முன் பி.எஃப். எடுத்தால் வருமான வரியும் உண்டு. ‘அப்ஸ்காண்டிங்’ என்று எழுதிவிட்டு, விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தடிக்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்த பின் அந்தத் தேதியை நாமே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்க ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நான்கரை வருடத்தில் கோபித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எவ்வளவு கோபம் வந்தாலும் இரண்டு வரி ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் தெறித்த கைக்கு மருந்து நம் காசில் போட வேண்டியதில்லை.

பிரேக் ஷிப்ட்:
பி.எஃப். விவரத்துக்கு நன்றி. ஆனால் ஆட்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு அது விடையாகாது. பொறுமையைப் பற்றி எழுதிய திருச்சி ஐயா பிரேக் ஷிப்ட் பார்த்திருக்கிறாரா? காலை 11 முதல் 3 வரை, மறுபடியும் இரவு 7 முதல் 11 வரை. தாளில் எட்டு மணி நேரம். என் வீடு தாம்பரத்துக்கு அப்பால். நடுவில் போய்வரக் கட்டாது. ஸ்டாஃப் ரூமில் இருந்த பெஞ்சுகளையும், உறங்குகிறார்கள் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். பத்து மணிக்கு வீட்டை விட்டுப் போனால் நள்ளிரவு தாண்டித் திரும்புவேன். சம்பளம் எட்டு மணி நேரத்துக்கு.

ஒரு நாள் மாலை 4 மணிக்குப் பூங்காவில், என்னோடு சப்ளை பார்த்த நண்பர் கறுப்புப் பேன்ட்டும் பௌ டையுமாகப் படுத்திருந்தார். ரோந்து வந்த காவலர் லத்தியால் பெஞ்சைத் தட்டி எழுப்பி, “கல்யாண வீட்டுலேருந்து குடிச்சிட்டு வந்தியா?” என்று கேட்டார். நண்பர் பதில் சொல்லாமல் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். காவலர் அதைப் படித்துவிட்டு, “உனக்கும் எங்க டியூட்டி மாதிரிதானா?” என்று கேட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் எச்.ஆர். அதிகாரி ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

நான் இப்போது ஒரு மருத்துவமனை கேன்டீனில் இருக்கிறேன். சம்பளம் குறைவுதான், காலை 7 முதல் மாலை 4 வரை நேர் ஷிப்ட். அந்த நண்பர் இன்னமும் பழைய இடத்தில்தான் இருக்கிறார், நல்ல கேப்டன் (சப்ளையர்களை மேற்பார்ப்பவர்), இந்தியும் பேசுவார். சென்னையிலோ செங்கல்பட்டிலோ நேர் ஷிப்ட் உள்ள இடம் எவருக்காவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், அவரிடம் சொல்லிவிடுகிறேன்.