நாலாவது தெரு குழு: சேவல் வேலை

முனை வீட்டு அக்கா: முனையில் குப்பை அள்ளி நாலு நாள் ஆகிறது, இன்னும் யாரும் கொட்டவில்லை. கண் படாமல் இருக்கட்டும். அங்கே வைக்கப்போகிற சேவல் சிலைக்குப் பழைய சாமான் தருகிறவர்கள் இன்று மாலைக்குள் என் திண்ணையில் வைத்துவிடுங்கள். உடைந்த டைல்ஸ் வந்தது போதும், இனி இடமில்லை. கொண்டைக்குத்தான் ஒரு சிவப்பு வாளி வேண்டும்.

மேஸ்திரி அண்ணன்: பிளாஸ்டிக் வேண்டாம் அக்கா. வெயிலில் வெளுத்து நொறுங்கிவிடும். பின் தெருவில் பழைய வீடு இடிக்கிறார்கள், சிவப்பு ஆக்சைடு தரைத் துண்டு கிடக்கிறது. அதையே கொண்டைக்குப் பதித்துவிடலாம்.

ரிட்டையர்டு சார்: சண்டிகர் ராக் கார்டன் போயிருக்கிறேன். நேக் சந்த் என்று ஒரு சாலை ஆய்வாளர். 1957-இல் தொடங்கி, வேலை நேரம் போக, அரசாங்கக் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டே இருந்தாராம். உடைந்த வளையல், பீங்கான், பிளக் பாயின்ட் எல்லாம் சிலையாகிவிட்டது. அங்கே பெண் பொம்மைகளுக்குச் சேலையே வளையல் துண்டுதான். கண்டுபிடித்த பிறகு இடிக்காமல், 1976-இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள்.

மாடி வீட்டுத் தம்பி: சார், அவர் ரகசியமாகச் செய்தார். நாம் குரூப்பே போட்டிருக்கிறோம். கவுன்சிலர் சரி சொல்லிவிட்டாரா அக்கா?

முனை வீட்டு அக்கா: வாயால் சொல்லிவிட்டார். எழுதியும் கேட்டிருக்கிறேன்.

எட்டாம் நம்பர் அத்தை: ஒரு நிமிஷம். நேற்றுப் போட்ட திண்ணை போட்டோவில் டைல்ஸுக்குப் பின்னால் தெரிவது என் இட்லிக் குண்டான்தானே? மூடிப் பிடியில் நூல் சுற்றியிருக்கிறது பாருங்கள்.

எட்டாம் நம்பர் மாமா: அடியில் ஓட்டை என்று நீதானே சொன்னாய்?

எட்டாம் நம்பர் அத்தை: அடைத்துத் தரச் சொன்னேன். அள்ளித் தரச் சொன்னேனா?

மாடி வீட்டுத் தம்பி: அத்தை, அதுதான் சேவலின் வயிறு. அந்த அளவுக்குக் கம்பியே வளைத்தாயிற்று 😬

மேஸ்திரி அண்ணன்: அது அலுமினியம் தம்பி. ஈர சிமென்டின் காரம் அதை அரிக்கும், நுரைத்துக்கொண்டு வரும், பூச்சு பிடிக்காது. காலி பெயின்ட் வாளியை உள்ளே வைத்து, கோழிவலை சுற்றி, ஒன்றுக்கு மூன்று கலவை பூசுகிறேன். குண்டானை எடுத்துக்கொள்ளுங்கள் அத்தை.

எட்டாம் நம்பர் அத்தை: நல்லா இருப்பா!

நர்ஸ் அக்கா: வாலுக்கு எவர்சில்வர் கரண்டி வைக்கிறீர்களே, குழி கீழே பார்த்தபடி வையுங்கள். மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அது போதும். காம்பு முனைகளை அரத்தால் தேய்த்துவிடுங்கள், பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க மாட்டார்கள்.

மேஸ்திரி அண்ணன்: சரிங்க அக்கா. அப்புறம், பூசினதும் ஈரச் சாக்கு போர்த்தி ஏழு நாள் காலை மாலை தண்ணீர் விட வேண்டும். விட்டுப் போனால் வெடிப்பு விழும். யார் பொறுப்பு?

எட்டாம் நம்பர் அத்தை: எங்கள் வீட்டுக்காரர். இரண்டு வேளையும்.

எட்டாம் நம்பர் மாமா: விடுகிறேன். யாராவது ஒரு வாளி கொடுங்கள். எங்கள் சிவப்பு வாளி காலையிலேயே திண்ணைக்குப் போய்விட்டது.

எட்டாம் நம்பர் அத்தை: என்னது?