கோவா 70.3: வெட்சூட் கிடையாதாம், ஸ்விம்ஸ்கின் வாங்கலாமா?

நீலாங்கரை நீச்சல்:

எல்லாருக்கும் வணக்கம். கோவா அயர்ன்மேன் 70.3க்குப் பதிவு செய்திருக்கிறேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லான், முழு அயர்ன்மேனில் பாதி தூரம்). சைக்கிளும் ஓட்டமும் ஒரு மாதிரி சமாளித்துவிடுவேன், நீச்சல்தான் தகராறு. குளத்தில் 100 மீட்டருக்கு 2:15 ஆகிறது, அதுவும் நல்ல நாளில். மிராமர் கடற்கரையில் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும், வெட்சூட்டுக்கு (குளிர்ந்த தண்ணீரில் போடும் தடித்த ரப்பர் உடை) வழியே இல்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் அதற்குப் பதில் ஸ்விம்ஸ்கின் என்ற மெல்லிய இறுக்கமான நீச்சல் உடையை வாங்கிவிடு என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். வெளிநாட்டுக் கடைகளில் பார்த்தேன், வரி, கூரியர் எல்லாம் சேர்த்தால் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ட்ரைசூட்டுக்கு மேலே இன்னொரு மெல்லிய துணியை மாட்டினால் நிஜமாகவே வேகம் கூடுமா? எனக்கு நீந்தும்போது கால் வேறு கீழே இறங்கிவிடும், அதைத் தூக்கிக் கொடுக்குமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.

கடற்காகம்:

கால் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம்: தூக்காது. வெட்சூட் நியோப்ரீன், உள்ளே முழுக்க நுண்ணிய வாயுக் குமிழ்கள், அதனால்தான் இடுப்பும் காலும் தானாக மேலே வருகின்றன. ஸ்விம்ஸ்கின் வெறும் துணி. நைலானையோ பாலியெஸ்டரையோ எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்து நெய்து, மேலே தண்ணீர் ஒட்டாத ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். புதுசில் தாமரை இலை மாதிரி தண்ணீர் உருண்டு ஓடும். ஆனால் மிதக்க வைக்கும் சக்தி அதில் இல்லை, இருக்கவும் கூடாது, விதியே அதுதான்.

சரி, பிறகு எதற்கு என்றால், ட்ரைசூட் நீந்துவதற்காகவே தைத்த உடை இல்லை. முதுகில் பாக்கெட், முன்னால் ஜிப், சைக்கிள் சீட்டுக்கான பேட், இவை எல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்விம்ஸ்கின் அதையெல்லாம் அமுக்கி மூடி ஒரே வழவழப்பாக்குகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. தண்ணீரில் நம்மைப் பின்னால் இழுக்கும் எதிர்ப்பில் பெரும்பங்கு உடம்பு இருக்கும் நிலையால் வருவது, மேற்பரப்பு உரசலால் வருவது சின்னப் பங்குதான். கால் தொங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பெரும்பங்கு அப்படியே இருக்கும், நீங்கள் இருபதாயிரம் கொடுத்துச் சின்னப் பங்கைக் குறைத்துக்கொண்டிருப்பீர்கள். நேராகப் படுத்து நீந்துகிறவர்களுக்கு அது உதவும். முழு அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப் நடக்கும் ஹவாய் கோனாவிலும் வெட்சூட் கிடையாது, அங்கே 3.8 கிலோமீட்டர், வருகிறவர்கள் பலரும் நல்ல நீச்சல்காரர்கள், அதனால் அங்கே ஸ்விம்ஸ்கின் சர்வசாதாரணம். உங்கள் நிலைமை வேறு.

டி1 ராணி:

காகம் அண்ணா சொன்னதற்கு நான் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 100 மீட்டருக்கு 2 வினாடி மிச்சம். 70.3இல் நீச்சல் 1.9 கிலோமீட்டர், அதற்கு 38 வினாடி. இப்போது டி1க்கு, அதாவது நீந்தி முடித்து சைக்கிளுக்கு மாறும் கட்டத்துக்கு வாருங்கள். முதுகு ஜிப்பை இழுத்து, தோளிலிருந்து கீழே உருட்டி, ஒற்றைக் காலில் நின்று பாதத்திலிருந்து கழற்ற வேண்டும், பழகாத ஆளுக்கு இதற்கே அரை நிமிடம் ஓடிவிடும். கையில் நிற்பது 8 வினாடி. முழு அயர்ன்மேன் என்றால் மிச்சம் இரட்டிப்பாகும், கழற்றும் நேரம் அதேதான், அங்கே வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு கணக்கு. கடலில் மிதவையைப் பார்த்து நேராகப் போகாமல் ஐந்து சதவீதம் வளைந்து போனீர்கள் என்றால் 95 மீட்டர் கூடுதல். உங்கள் 2:15 வேகத்தில் அது இரண்டு நிமிடத்துக்கும் மேல்! எந்தத் துணியும் அதை மீட்டுத் தராது. ஞாயிற்றுக்கிழமை கோவளம் பக்கம் அனுபவசாலிகளோடு கடலில் இறங்கி, சில கை வீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்துப் பழகுங்கள். கூடவே டிராஃப்டிங். 70.3 சைக்கிளில் முன்னால் போகிறவரை ஒட்டிப்போனால் தண்டனை, நீச்சலில் தாராளமாக அனுமதி உண்டு. உங்களைவிடக் கொஞ்சம் வேகமான ஒருவருடைய பாதத்துக்குப் பின்னாலேயே போங்கள், அவர் கிளப்பும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு. மிச்சமாகும் சக்தி உங்களுக்கே தெரியும். ஆனால் அவர் காலைத் தொட்டுக்கொண்டே போகாதீர்கள், எரிச்சலாக இருக்கும் (எனக்கு இருக்கும்).

சுண்ணாம்பு விசில்:

விதி பற்றி யாரும் சொல்லவில்லை. அயர்ன்மேன் போட்டிகளில் வயதுப்பிரிவு வீரர்களுக்கு (தொழில்முறை அல்லாத நம்மைப் போன்றவர்கள்) தண்ணீர் 24.5 டிகிரி வரை வெட்சூட் போடலாம். அதற்கு மேல் 28.8 வரை அமைப்பாளர் விட்டால் போடலாம், ஆனால் பரிசுக்கும் உலக சாம்பியன்ஷிப் இடத்துக்கும் கணக்கில் வரமாட்டீர்கள். அதற்கும் மேலே போனால் யாருக்கும் கிடையாது. அதனால் போட்டியன்று காலை அறிவிப்பைக் கேளுங்கள், குழுவில் வரும் ஃபார்வர்டை நம்பாதீர்கள்.

ஸ்விம்ஸ்கின் முழுக்கத் துணியாக இருக்க வேண்டும். நியோப்ரீன், பாலியூரித்தேன் மாதிரி ரப்பர் சமாச்சாரம் எதுவும் ஆகாது. 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில் 43 உலக சாதனை விழுந்தது ஞாபகம் இருக்கலாம், அந்த பாலியூரித்தேன் உடைகள் போட்ட கூத்தில்தான் 2010 முதல் நீச்சலில் துணி மட்டும் என்று ஆனது. ட்ரையத்லானும் பின்னாலேயே வந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய மாடல் ஒன்றை யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்குவதாகவே இருந்தால் அளவுதான் எல்லாம். நிற்கும்போது மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கமாகத் தெரியும், அது சரிதான். கழுத்திலோ அக்குளிலோ இடைவெளி இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து முதுகில் பை மாதிரி உப்பிக்கொள்ளும், அதைவிட வெறும் ட்ரைசூட்டே தேவலை. கை வைத்த ட்ரைசூட்டை இடுப்பு வரை சுருட்டி அதற்கு மேல் ஸ்விம்ஸ்கின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பில் ஒரு மூட்டை, பிறகு ஈரக் கையை ஈரத் துணிக்குள் நுழைக்கிற போராட்டம். எனக்குப் பிடிக்காத வேலை. முழுசாகப் போட்டுவிட்டு மேலே ஸ்விம்ஸ்கின் மாட்டுங்கள்.

நீலாங்கரை நீச்சல்:

ராணி அக்கா கணக்கைப் பார்த்ததும் ஆசை பாதி வடிந்துவிட்டது. குழுவில் ஒருவர் தன்னுடையதை ஒரு நாள் போட்டுப் பார்க்கத் தருகிறேன் என்கிறார். குளத்தில் போட்டுப் பார்க்கலாமா, கெட்டுப்போகுமா?

கடற்காகம்:

ஒரு நாள் போட்டால் ஒன்றும் ஆகாது. தினமும் போட்டால் குளோரின் பூச்சையும் எலாஸ்டேனையும் தின்றுவிடும். போடும் முன் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், இழுக்கும்போது குத்திக் கிழிந்தால் நட்பு போய்விடும். உடனே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள், வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் ட்ரைசூட்டோடு 400 மீட்டர், நன்றாக ஓய்வெடுத்துவிட்டு ஸ்விம்ஸ்கினோடு 400 மீட்டர், இரண்டையும் ஒரே மாதிரி உழைத்து நீந்திவிட்டு நேரத்தை இங்கே போடுங்கள். கழற்ற எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் சேர்த்து.