பன்னிரண்டு வருஷம் வெல்டிங், சம்பளச் சீட்டில் ஹெல்பர்

சென்னை காசிமேடு பக்கம் வெல்டிங் வேலை தெரிந்த பையன்கள் பலர் சர்டிபிகேட் இல்லாமல் ஹெல்பராகவே மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

பத்தாவதில் தவறிய வருஷம் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் சேர்ந்தேன். எட்டு வருஷம் இரும்புப் படகுகளுக்குத் தகடு மாற்றுகிற வேலை. உப்பு தின்ற தகடு அப்பளம் மாதிரி இருக்கும், கரன்ட் கொஞ்சம் கூடினாலும் ஓட்டை விழும். அதில் பற்றவைத்துப் பழகிய கை இது.

அப்புறம் மணலியில் ஒரு காண்ட்ராக்டர் ஆள் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். டெஸ்டுக்கு 7018 என்கிற வகை வெல்டிங் ராடு கொடுத்தார்கள். படகில் நாங்கள் பிடித்ததெல்லாம் 6013 என்கிற வேறு வகை. இந்த 7018 ஈரம் இழுத்திருக்கக் கூடாது, சூடாக்கி எடுக்கணும், ஆர்க்கை, அதாவது ராடு நுனியில் எரிகிற தீப்பொறியை, இரும்பை ஒட்டினாற்போல் பிடிக்கணும். முதல் துண்டு வீணாகிவிட்டது. இரண்டாவதில் கை பிடிபட்டது. வெல்டு மேல் படிகிற கசடான ஸ்லாக்கைத் தட்டினேன், பட்டையாக ஒரே துண்டில் கழன்று விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர், "யார்கிட்டப்பா கத்துக்கிட்ட?" என்று கேட்டார். அடுத்த கேள்வி, "ஐ.டி.ஐ. சர்டிபிகேட் எங்கே?"

இல்லை. சரி, ஹெல்பராகச் சேர் என்றார்கள். நாலு வருஷம் செய்தது வெல்டர் வேலை, வாங்கியது ஹெல்பர் சம்பளம்.

வெல்டர் பிரிவுக்கு எட்டாவது பாஸ் போதும், ஒரு வருஷப் படிப்பு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. பள்ளி முடித்து வருகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். ஆனால் வாடகையும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறவன் ஒரு வருஷக் கூலியை விட்டுவிட்டு எப்படிப் போய் உட்காருவான்?

எங்களைப் போன்றவர்களுக்கு, ஐ.டி.ஐ. பிள்ளைகள் எழுதுகிற அகில இந்திய தொழிற்தேர்வை, அங்கே சேராமலே தனித்தேர்வராக எழுதுகிற வழி இருக்கிறது. எனக்கு அதைச் சொன்னது அந்த சூப்பர்வைசர் அண்ணன்தான். அதற்கு வேலை கொடுத்தவரிடம் அனுபவச் சான்று வாங்கணும். அங்கேதான் கதவு மூடியது. 'வெல்டர்' என்று எழுதிக் கொடுத்தால் வெல்டர் சம்பளம் கேட்பேனே! எழுதினால் யாருக்கு நஷ்டமோ, அவர் கையில்தான் பேனா இருக்கிறது. எனக்கு பி.எஃப். பிடித்திருந்ததால், அங்கே வேலை செய்ததற்கு ஆதாரமாக அந்தக் கணக்கை எடுத்துப்போய் வைத்தேன். அண்ணனும் கூட வந்து பேசினார். பத்து நாள் இழுத்தடித்துத்தான் காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டார்.

இந்தச் சான்றை முதலாளி கையில் விடவே கூடாது என்பது என் கருத்து. வெல்டிங் தெரியுமா என்பதை ஒரு துண்டு இரும்பு சொல்லிவிடும். செய்முறையை முதலில் வைக்கட்டும், அதையும் ஞாயிற்றுக்கிழமையில் வைக்கட்டும், ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்.

செய்முறைக்கு நான் பயப்படவில்லை. பயமெல்லாம் வேலை வரைபடத்தைப் படிக்கிற டிராயிங்குக்குத்தான். இரண்டு தகடு சேருகிற மூலையில் போடுகிற ஃபில்லெட் வெல்டுக்கு வரைபடத்தில் முக்கோணக் குறி போடுவார்கள் என்பதே பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் ஐ.டி.ஐ. படிக்கிற பெண் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது. பாஸ் ஆனேன். இப்போது சீட்டில் 'வெல்டர்' என்று இருக்கிறது, சம்பளமும் அதற்குத்தான்.

பழைய பட்டறைப் பையன்கள் மூன்று பேர் ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிராயிங் பழகுகிறார்கள். அவர்களுக்கு பி.எஃப். இல்லை, பட்டறைக்குப் பதிவும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்து அனுபவச் சான்று வாங்கியவர்கள் இருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.